ழகரம் இல்லாத மழை

எழுதப்படும் எழுத்திலும் எழுத அறியாதார் நாவிலும் ஒன்றுபோல் வீற்றிருக்கும் பரம்பொருளின் திருவடியை முதற்கண் வணங்குவோம்.

தருமபுரியில் ஒரு கல்லூரி. அதன் தமிழ்த்துறை, பிற துறை மாணவர்க்கென்று படைப்பெழுத்து வகுப்பு ஒன்றை நடத்துகிறது. அதில் சேர்ந்தவள் காவியா. இயற்பியல் இரண்டாம் ஆண்டு. ஏரியூர்ப் பக்கத்துப் பெண். பாடம் சொல்பவர் பேராசிரியர் மதியழகன். தம் பெயரில் சிறப்பு ழகரம் அமைந்ததைத் தவப்பயன் என்றே கருதுபவர்.

அந்த வாரம் அவர் கொடுத்த தலைப்பு, மழை. காவியாவின் நோட்டை எடுத்து வகுப்பிலேயே வாசித்தார்.

“வானம் கறுத்தது. களத்தில் ராகி காய்கிறது. அம்மா ஓடினாள். ஓடிப் போய் வாரினாள். வானம் கொட்டியது. ராகி நனையவில்லை. அம்மா நனைந்தாள்.”

அவ்வளவுதான்.

“ஒன்னாங்கிளாஸ் புக்குங்க ஐயா” என்றான் பின்வரிசை வீரமணி. வகுப்பு சிரித்தது.

மதியழகன் சிரிக்கவில்லை. மழையைப் பற்றி எழுதச் சொன்னால் மழை என்ற சொல்லே இல்லை. கேழ்வரகு என்ற நல்ல சொல் இருக்க, ராகி என்கிறாள். ஐயம் எழுந்து, முன்பு மேலோட்டமாகப் பார்த்துக் கையொப்பமிட்ட பக்கங்களைப் புரட்டினார். பருவம் தொடங்கி ஒன்பது வாரம். ஒன்பதிலும் ஓரிடத்தில்கூட ழகரம் இல்லை. தமிழ் வகுப்பு நோட்டில் ‘தமிழ்’ என்ற சொல்லே இல்லை.

“உங்க ஊர்ல மழை பெய்யுமா, மளை பெய்யுமா?”

“மழைதாங்க ஐயா.”

ழகரம் அவள் நாவில் பழுதின்றி வந்தது. அதுவே அவர் சினத்தை மூட்டியது. வராதவள் அல்லள்; வேண்டுமென்றே விலக்குகிறாள்.

காரணம் கேட்டார். அவள் தலை குனிந்தாள். திருத்தி எழுதச் சொன்னார்.

“இது மட்டும் இப்படியே இருக்கட்டுங்க ஐயா.”

சிவப்பு மையால் பக்கத்தின் அடியில் ‘பிழை’ என்று பெரிதாக எழுதினார். நாளை வீட்டிலிருந்து யாரேனும் வந்து பேசாவிட்டால் அகமதிப்பெண் கிடையாது, பாடத்தில் தோல்விதான் என்று சொல்லி நோட்டைத் தம்மிடமே வைத்துக்கொண்டார். அதுவரை ஒரு பாடத்திலும் தவறாதவள் காவியா. கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போனாள்.

மறுநாள் அவள் தாய் காசியம்மாள், களையெடுக்கும் வேலையை விட்டுவிட்டு முதல் பேருந்தில் வந்தார். மகளுக்கு ஆய்வக வகுப்பு. தனியே வந்தவர், பேராசிரியரின் பெயர்ப்பலகை மாட்டிய கதவுக்கு வெளியே அரைமணி நேரமாக நின்றிருந்தார். ஏன் உள்ளே வரவில்லை என்று கேட்டார் மதியழகன்.

“மதியச் சாப்பாட்டு ரூம்புன்னு நெனச்சிட்டனுங்க.”

அலுவலக உதவியாளர் மாதப்பன் வாய்க்குள் சிரித்தார். மதியழகன் பெருமூச்சு விட்டு, மகளின் குற்றங்களை எடுத்துரைத்தார். வேறு துறையில் படிப்பதால் தமிழ் என்றால் இளக்காரம், உழைக்க மனமில்லை, பெரியவர் சொல்லுக்கு மதிப்பில்லை. காசியம்மாள் சேலைத் தலைப்பைப் பற்றியபடி, பாதி விளங்கியும் பாதி விளங்காமலும் கேட்டுக்கொண்டிருந்தார்.

பெற்றோர் வந்ததற்குச் சான்றாகப் பதிவேட்டை நகர்த்தினார் பேராசிரியர். கேளாமலே கைநாட்டுக்கென மைப்பெட்டியைத் திறந்து வைத்தார் மாதப்பன்.

காசியம்மாள் அதைத் தொடவில்லை.

“பேனா இருந்தாக் குடுங்க.”

ஓரெழுத்துக்கு ஒரு மூச்சாகத் தம் பெயரை எழுதி முடித்தார். நிமிர்ந்தபோது மேசைமேல் கிடந்த நோட்டு கண்ணில் பட்டது. முகம் மலர்ந்தது.

“எங்க பாப்பா நோட்டுங்களா? இந்த வாரத்துப் பாடம் எனக்கு இன்னும் வரலீங்களே.”

“உங்களுக்கா?”

“ஊர் இஸ்கூல்ல சாயங்காலம் எங்களாட்டம் பெரியவங்களுக்கு எழுத்துச் சொல்லித் தர்றாங்க. புஸ்தகத்துல படிக்கக் கொஞ்சந்தான் இருக்குது. அதனால எனக்கு வந்த எழுத்த மட்டும் வெச்சு, பாப்பா வாரம் ஒண்ணு இதுல எழுதிக் குடுக்குமுங்க. யாருகிட்டயும் சொல்லாதேன்னு நாந்தான் சத்தியம் வாங்கினேன். வெக்கமாத்தான இருக்குது.”

நோட்டைத் திறந்து விரல் வைத்து வாசிக்கலானார். வானம் கறுத்தது. களத்தில் ராகி காய்கிறது. ஒவ்வொரு சொல்லும் பாறையை நகர்த்துவதுபோல் நகர்ந்தது. ஆனால் ஒன்றும் தவறவில்லை. கடைசிச் சொல்லில் விரல் நின்றது.

“அம்மா நனைந்தாள். நாந்தானுங்க அது. போன ஐப்பசியில.”

மாதப்பன் மைப்பெட்டியை ஓசையின்றி மூடினார்.

விரல் அடுத்திருந்த சிவப்புச் சொல்லுக்கு இறங்கியது.

“பி...” அதற்குமேல் போகவில்லை. “இந்த எழுத்து எனக்கு இன்னும் வரலீங்க. இது பாப்பா கையெழுத்தும் இல்லீங்களே. என்னங்க ஐயா இது?”

கதவிலிருந்த தம் பெயரில் அந்தத் தாய் எந்த எழுத்தின்முன் நின்றுபோனார் என்பது அப்போதுதான் மதியழகனுக்கு விளங்கியது.

“பிழைன்னு இருக்குதும்மா” என்றார். “அது என்னோடது.”

இதைக் கேட்டவர் அறியாமற் செய்தவற்றையும் இறைவன் பொறுத்தருள்க. அவர்தம் இல்லத்தில் எழுத்தும் அன்பும் ஒருங்கே வாழ்க.