இடிக்கு முன்னால் கழற்றுவது

வெண்ணந்தூரில் விசைத்தறி வைத்திருந்த கந்தவேலுக்கு அமெச்சூர் ரேடியோவில் பேசுவதுதான் பொழுதுபோக்கு. வானம் இருட்டினால், ஏரியல் கேபிளின் கனெக்டரை மரை திருகிக் கழற்றி ஜன்னலுக்கு வெளியே போட்டுவிடுவார். இடி விழுந்தாலும் ரேடியோ தப்பித்துக்கொள்ளும். எண்பத்துமூன்றாம் வருஷம் தை மாதம் மாரடைப்பில் இறந்துபோனார். ரேடியோவை எடுத்துவிட மனைவி வசந்தாமணிக்கு மனம் வரவில்லை. கேபிளும் அதில் மாட்டியபடியே இருந்தது.

சித்திரையில் கோடை மழை பிடித்தபோது அவள் ராசிபுரம் சந்தையில் இருந்தாள். திரும்பி வந்து பூட்டைத் திறந்தாள். ஏரியலில் இடி விழுந்து வெளிச்சுவர் கருகியிருந்தது. கேபிள் ஜன்னலுக்கு வெளியே கிடந்தது. ரேடியோவுக்கு ஒன்றும் ஆகவில்லை.

கொழுந்தன் காளியண்ணனிடம் கேட்டாள். "நீங்க வந்து கழட்டுனீங்களா?"

"இல்லீங்க அண்ணி. சாவி உங்ககிட்டத்தானுங்க இருக்குது?"

அவனே புதுக் கேபிள் மாட்டிக் கொடுத்தான்.

அடுத்த மழைக்கு அவள் வீட்டிலேயே இருந்தாள். முதல் இடி கேட்டதும் கழற்றப் போனாள். கை வைப்பதற்குள் கனெக்டர் தானாகச் சுழல ஆரம்பித்தது. அவர் கழற்றும் அதே நிதானம். அவளுக்குப் பயம் வரவில்லை.

"பாத்துங்க, ஷாக் அடிச்சரப் போவுது" என்றாள்.

கனெக்டர் ஒரு நொடி நின்றது. பிறகு முன்னைவிட மெதுவாகச் சுழன்றது.