பாக்குவெட்டி

ஆறாவது வளையல் ஏற மாட்டேன் என்றது.

மாமியார் அவள் கையில் சோப்பு நுரையைத் தடவி அழுத்தினாள். எலும்பு வரைக்கும் வலித்தது.

"பிள்ளைத்தாச்சி கை. எப்படிப் பூசுனாப்புல ஆயிருச்சு பாருங்க!"

வளைகாப்புக்கு வந்த பெண்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்துவைத்தாள்.

காலையிலிருந்து மண்டை பிளந்துகொண்டிருந்தது. எதிரே இருந்த குத்துவிளக்கு ஒன்றுதான். அவளுக்கு இரண்டாகத் தெரிந்தது.

சாப்பிட வந்த நர்ஸ் சகாயமேரிதான் கவனித்தாள். கிட்டே வந்து, அவள் பாதத்தில் கட்டைவிரலை அழுத்தி எடுத்தாள்.

விழுந்த குழி மேலே வரவில்லை.

நல்ல மனுஷி, விசேஷ வீட்டுக்கும் பிரஷர் கருவியைத் தூக்கிக்கொண்டுதான் வருவாள். உள்ளறையில் அவளை உட்காரவைத்துப் பார்த்தாள். நூற்றி எழுபது. கீழே நூற்றிப் பத்து. கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை பார்த்தாள்.

இறங்கவே இல்லை.

"இப்பவே பெரியாஸ்பத்திரிக்குப் போகணும். விட்டா வலிப்பு வந்துரும். வளையலையும் கழட்டிருங்க, கை இன்னும் வீங்கும்."

மாமியார் நிலைப்படியை மறித்து நின்றாள்.

"பிள்ளை பெறாம வளையலைக் கழட்டுறதா? நல்லாருக்கே கதை! பிள்ளைத்தாச்சின்னா கை கால் வீங்கத்தான் செய்யும். சாப்பிட்டுப் படுக்கட்டும். காலைல பாத்துக்கிடலாம்."

அவள் இதை முன்பே ஒரு தடவை கேட்டிருக்கிறாள்.

இதே பேச்சுதான். ஓர் எழுத்து பிசகவில்லை.

அவளுடைய அக்கா செண்பகாவும் தன் வளைகாப்பன்று தலைவலி என்றுதான் சொன்னாள். அந்த வீட்டிலும் காலையில் பார்க்கலாம் என்றார்கள். விளக்கு வைக்கும் நேரம் அக்காவுக்குக் கை கால் இழுத்தது. பல் கிட்டியது. அம்மன் வந்திருக்கிறாள் என்று குலவை போட்டார்கள். திருநீறு பூசினார்கள். சாமி மலையேறட்டும் என்று கைகட்டிக் காத்திருந்தார்கள், பாவிகள்.

அக்காதான் போனாள்.

கை நிறைய வளையலோடு போனாள்.

பெண்ணைக் கொடுத்த இடம் என்று அம்மா அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. இன்றைக்கும் அதோ, தலையைக் குனிந்துகொண்டு சுவரோரம் நிற்கிறாள்.

அவள் எழுந்தாள். தலை சுற்றியது. சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"அத்தே, தள்ளுங்க."

"வளையலைக் கழட்டி ஏதாவது ஒண்ணு ஆயிருச்சுன்னா?"

"கழட்டாம போனவளைப் பாத்தாச்சு."

வளையலைப் பிடித்து இழுத்தாள். அசையவில்லை. தோல்தான் உரிந்தது. விடவில்லை அவள். சாக மாட்டேன், சாகவே மாட்டேன் என்று மனசுக்குள் கத்திக்கொண்டே இழுத்தாள்.

ஒரு கை அவள் கையைப் பிடித்து நிறுத்தியது.

அம்மா.

அம்மாவின் மற்றொரு கையில், வெற்றிலைத் தட்டிலிருந்து எடுத்த பாக்குவெட்டி.

ஒவ்வொரு வளையலாக நெம்பி உடைத்தாள். சிவப்பு. பச்சை. மறுபடி சிவப்பு. உள்ளே எட்டிப்பார்த்த பெண்கள் அய்யய்யோ என்று முந்தானையால் வாயைப் பொத்தினார்கள். அம்மா யாரையும் பார்க்கவில்லை. வேப்பிலைக் காப்பை மட்டும் விட்டுவைத்தாள்.

சீர்த்தட்டு ஏற்றிவந்த ஆட்டோ வாசலில் நின்றது. சகாயமேரி ஏறி உட்கார்ந்து கையை நீட்டினாள். சந்தனம் பூசிய கன்னத்தோடு, பட்டுச் சேலையோடு, அவள் ஏறிக்கொண்டாள்.

பின்னாலேயே ஓடிவந்த மாமியார் ஆட்டோக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"யாரைக் கேட்டு உடைச்சீங்க, சம்பந்தி?"

அம்மா ஆட்டோவில் ஒரு காலை வைத்திருந்தாள். பாக்குவெட்டி இன்னும் கையில்தான் இருந்தது. நிமிர்ந்து சம்பந்தியின் முகத்தைப் பார்த்தாள்.

"செண்பகாவைக் கேட்டு."