சட்னி ஓயாத வீடு

ஆலையை எதிர்த்து வீடியோ போட்டதற்காக மகன் பரிதியைப் போலீஸ் தேடத் தொடங்கியதிலிருந்து, மரகதமும் அவள் கணவர் தணிகாசலமும் அவனைப் பற்றி மிக்ஸி ஓடும்போது மட்டுமே பேசிக்கொண்டார்கள். போன் சும்மா கிடந்தாலும் கேட்கும் என்று அவன்தான் சொல்லியிருந்தான். ஒரு எண்ணும் கொடுத்திருந்தான். ஆனால் அதில் கூப்பிட்டால் அவன் இருக்குமிடம் போலீஸுக்குத் தெரிந்துவிடும்.

இன்று மஃப்டியில் வந்த போலீஸ்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு நேராகச் சமையலறைக்கே வந்தார்.

"வீட்ல ரெண்டே பேரு. எந்நேரமும் சட்னியாம்மா?"

மரகதம் கழுவிய ஜாரைத் துடைத்து மிக்ஸியில் வைத்தாள்.

"எனக்குப் பல்லு சரியில்ல சார். எதையும் அரைச்சுத்தான் திங்கணும்" என்றார் தணிகாசலம்.

போலீஸ்காரர் சிரித்தபடி வெறும் ஜாரோடு மிக்ஸியைத் திருகிவிட்டு, மரகதத்தின் காதருகே குனிந்தார். "பையன் இருக்கிற இடம் தெரிஞ்சுபோச்சு. உடனே கிளம்பச் சொல்லுங்க. நானும் பிள்ளை பெத்தவன்."

அவர் போனதும் தணிகாசலம் போனை எடுத்தார். மரகதம் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இடம் தெரிஞ்சிருந்தா அந்தப் போலீஸ்காரன் அங்கல்ல போயிருப்பான்? இங்க எதுக்குங்க வந்தான்?"

"நெசமாவே நல்லவனா இருந்தா?"

மோட்டார் கருகும் வாடை வந்தது. மிக்ஸியை நிறுத்த இருவருமே போகவில்லை.