செவ்வாய்க்கிழமை போன்

செவ்வாய்க்கிழமை பதினோரு மணியானால் தேவசேனா தறியை நிறுத்திவிட்டு போனைக் காதில் வைத்துக்கொள்வாள். பிள்ளை பெற்றவர்களுக்கு வாராவாரம் புத்தி சொல்லும் அரசாங்கக் குரல் அதில் பேசும்.

"இன்னா சொல்றா உன் போன்காரி?" என்று பக்கத்துத் தறியிலிருந்து கமலம்மா கத்துவாள்.

"குப்புற வுழுவானாம்க்கா. கட்டில்ல தனியா வுடக்கூடாதாம்." சொல்லும்போதே தேவசேனாவுக்குச் சிரிப்பு பொங்கும்.

இந்த வாரம் போன் வரவில்லை. சாயங்காலம் வரை பார்த்துவிட்டு, தாய்சேய் நலம் பார்க்கும் ஆஷா ஊழியர் ரூபாவிடம் ஓடினாள்.

"சோறு ஊட்றதப் பத்தி சொல்ற வாரம் இது. ஏன் வரல ரூபா?"

ரூபா நோட்டைப் புரட்டினாள். "உன் நம்பர லிஸ்ட்லேர்ந்து எடுத்தாச்சிக்கா. திருப்பதியிலேர்ந்து உன் நாத்தனார் வந்து, புள்ளயோட அம்மா நம்பர்னு தன் நம்பர குடுத்துட்டுப் போனாங்க."

"என்னக் கேக்காமயா?"

"உன் வூட்டுக்காரரும் கூடத்தான் வந்தாரு."

பிள்ளையில்லாத நாத்தனாருக்குப் பதினாறாம் நாளே தூக்கிக் கொடுத்த மகனை அதன்பிறகு யாரும் தேவசேனாவின் கண்ணில் காட்டவில்லை. போன் சொல்லித்தான் அவன் வளர்ந்துகொண்டிருந்தான்.

"நீயாவது சொல்லேன் ரூபா," என்று கெஞ்சினாள். "எம்புள்ள எப்ப உக்காருவான்?"