தனியாக இருக்க வேண்டும்

திண்டிவனத்தில் மல்லாட்டை என்று சொல்லும் வேர்க்கடலையில் உருண்டை செய்து வெப்சைட்டில் விற்கும் சின்னக் கடையை இளவரசியும் அவள் அக்கா தமயந்தியும் சேர்ந்துதான் தொடங்கினார்கள். ஆடி மாதம் தமயந்தி காய்ச்சலில் இறந்துபோனாள். அதன் பிறகு ஆன்லைனில் பணம் வாங்கும் வசதிக்கு இளவரசி தன் பெயரில் விண்ணப்பித்தாள். ஒரு மத்தியானம் அந்த வசதியைத் தரும் நிறுவனத்திலிருந்து, விண்ணப்பித்தது அவள்தானா என்று சரிபார்ப்பதற்காக வீடியோவில் அழைத்தார்கள்.

பான் கார்டைப் பார்த்த அதிகாரி பேச்சை நிறுத்தினார்.

"மேடம், நீங்க மட்டும் தனியா இருக்கணும். பின்னாடி நிக்கிறவங்கள வெளியில இருக்கச் சொல்லுங்க."

இளவரசி திரும்பினாள். சாத்திய கதவும் அட்டைப்பெட்டிகளும்தான் இருந்தன.

"யாரும் இல்லீங்களே சார்."

"பச்சைப் புடவை. உங்க ஜாடையிலயே இருக்காங்க. அவங்க இருந்தா அப்ரூவ் பண்ண முடியாதுங்க."

இளவரசி மறுபடியும் கதவுப் பக்கம் திரும்பினாள். பிறகு மெதுவாக, "அக்கா, நீ கொஞ்சம் வெளிய இரு" என்றாள்.

"தேங்க்ஸ் மேடம். போயிட்டாங்க."

எல்லாம் சரியாக முடிந்தது. இளவரசி ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள்.

"முடிஞ்சிபோச்சிக்கா. எங்க நின்னுக்கினு இருக்க? உள்ள வா."

தெருவில் வெயில் மட்டும் இருந்தது. கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு அவள் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்தாள்.