மூன்றாவது கை

முன்னங்காலை நக்கி நக்கி ரணமாக்கி வைத்திருந்தது பட்டாணி. ரோஸ்லின் அந்த நாயைத் தூக்கி, தோலைப் படித்து நோயைச் சொல்லும் பலகையில் நிறுத்தினாள். சுவர்த் திரையில் கால்நடை மருத்துவர் வந்தார்.

"உண்ணி இல்ல, பூஞ்சை இல்ல, சாப்பாடும் ஒத்துக்குது. இது தனிமைம்மா. பகல் பூரா ஒத்தையில கெடந்தா இப்படித்தான் புண்ணாக்கிக்கும். வீட்ல எத்தனை பேரு?"

தனிமைப் புண் வந்த நாயை, மூன்று பேராவது இல்லாத வீட்டில் விட்டுவைக்க மாட்டார்கள். ஆள் நிறைந்த வேறு வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். அது ரோஸ்லினுக்குத் தெரியும்.

"மூணு பேர் டாக்டர்," என்றாள், கூசாமல்.

"அப்ப கவலையில்ல. ஒவ்வொருத்தரா பலகையில கை வைக்கச் சொல்லுங்க. மூணும் பதிஞ்சா நாய் உங்ககிட்டயே இருக்கும்." அவர் அடுத்த வீட்டு நாயைப் பார்க்கப் போய்விட்டார்.

பட்டாணியை இறக்கிவிட்டு வலது கையை வைத்தாள். பச்சை விளக்கு எரிந்தது. இடது கையை வைத்தாள். அதற்கும் எரிந்தது. மூன்றாவது கைக்கு எங்கே போவாள்? இந்தப் பதினெட்டாவது மாடிக்குக் குடிவந்து ஆறு வருஷமாகிறது. கதவைத் தட்டிக் கூப்பிடும் அளவுக்கு அவளுக்கு யாரும் பழக்கமில்லை.

"கை குடுடா," என்றாள் பட்டாணியிடம், பிஸ்கட் கொடுக்கும்போது கேட்பதுபோல.

அது எம்பி, புண்பட்ட காலையே தூக்கிப் பலகையில் வைத்தது. விளக்கு கொஞ்சம் யோசித்துவிட்டுப் பச்சையானது. ரோஸ்லினுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

திரையில் எழுத்துகள் ஓடின: "மூவரும் பதிவாகிவிட்டார்கள். மூவருக்கும் ஒரே நோய். தனிமை."