டாக்சியில் கடந்த பள்ளத்தாக்கு

மனைவி மெற்றில்டாவின் ஒப்பரேஷன் நல்லபடி முடிந்தால் ஸ்பெயினிலுள்ள புனித சந்தியோகுமையோர் கோயிலுக்கு இருவருமாக நடந்தே வருவதாக அருமைராசா நேர்ந்திருந்தார். 2006 கோடையில் போனார்கள். ஆற்றங்கரைகள், கல்பாலங்கள், பழைய ஊர்கள் எல்லாவற்றையும் நடந்தே கடந்தார்கள். ஒரேயொரு செம்மண் பள்ளத்தாக்கை மட்டும், வெயில் தாங்காமல், டாக்சியில் கடந்தார்கள்.

"ஊரில மடுமாதா கோயிலுக்கு நடந்து போற சனம் இப்பிடி வாகனத்தில ஏறுமே?" என்றாள் மெற்றில்டா.

"ஆருக்குத் தெரியப் போகுது?" என்றார் அவர்.

மொன்றியல் திரும்பியபின், பார்க் மெற்றோ ரயில் நிலையத்திலிருந்து வீட்டுக்கு நடக்கிற தூரம் கூடிக்கொண்டே போனது. காரில் வந்தால் ஒன்றுமில்லை. நடந்தால் அரை நாள் ஆனது, சப்பாத்தில் செம்மண் ஒட்டியது. அதனால் நடப்பதை விட்டார்கள். பனிக்காலத்தில் மாடிப்படியும் நீளத் தொடங்கியது. அதன்பிறகு இருவரும் வெளியே இறங்கவில்லை.

இன்று விடிய, கதிரையில் இருந்தபடி அவர் தேத்தண்ணி கேட்டார். "கொண்டு வாறன்," என்றாள் மெற்றில்டா, எட்டிப் பார்த்தால் தெரிகிற குசினியிலிருந்து.

இப்போது யன்னலில் பொழுது சாய்கிறது. அவர் எழும்பப் பயந்து அப்படியே இருக்கிறார். எங்கோ கோயில் மணி கேட்கிறது. கூழாங்கற்களில் அவளுடைய செருப்புச் சத்தம்.

"வந்துகொண்டிருக்கிறனப்பா," என்கிறது தூரத்துக் குரல். "பாலம் தெரியுது. தேத்தண்ணிதான் ஆறிப்போச்சு."